அப்பாவின் நாள்காட்டித் தாள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவர் அப்பா. இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்தபின், மூன்று மாதத்துக்கொருமுறை சோதனைக்கு இரத்தம் கொடுக்கிறார். அந்த அறிக்கையை எப்படிப் படிப்பது என்று எங்கள் லயத்தில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

புற்றுநோய் இருந்தால் இரத்தத்தில் கூடக்கூடிய பொருள்களின் அளவுதான் அதில் இருக்கும். சிஇஏ, சிஏ 19-9 இரண்டும் வழக்கமாக இருக்கும். சில சமயம் சிஏ 72-4ம் சேரும். குடலைப் போர்த்திய சவ்வில் பரவியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் சிஏ 125 கேட்பார்கள். பெரும்பாலான ஆய்வகங்களில் ஒரு மில்லிலிட்டருக்கு சிஇஏ 5 நானோகிராமுக்குள்ளும், சிஏ 19-9 37 யூனிட்டுக்குள்ளும் இருக்க வேண்டும்.

தாண்டினால் உடனே பரவிவிட்டது என்று பொருளில்லை. சுருட்டுப் பிடிப்பவருக்குச் சிஇஏ சற்றுக் கூடுதலாகவே நிற்கும். பித்தக்குழாய் அடைத்துக் காமாலை வந்தால் சிஏ 19-9 எகிறும். மறுபக்கமும் உண்டு: நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு, லூயிஸ் என்ற இரத்த வகைக் காரணமாக, சிஏ 19-9 உடம்பில் உருவாவதே இல்லை. அவர்களுக்கு அது குறைவாக இருப்பது ஆறுதல் ஆகாது.

எப்போதும் ஒரே ஆய்வகத்தில் கொடுங்கள். தீபாவளி நேரத்தில் அவசரப்பட்டு வேறொரு கிளினிக்கில் எடுத்தோம். 21 ஆக இருந்த சிஏ 19-9, 44 என்று வந்தது. அம்மா அன்றிரவு உலையே வைக்கவில்லை. பழைய இடத்தில் மறுபடி எடுத்தபோது 23. கருவி மாறினால் எண்ணும் மாறும் என்பதை யாரும் எங்களுக்கு முன்பே சொல்லவில்லை.

அன்றிலிருந்து கிழித்த நாள்காட்டித் தாளின் பின்புறம் பென்சிலால் கட்டம் போட்டிருக்கிறேன்: தேதி, ஆய்வகம், எண், அந்த வாரம் காய்ச்சலோ காமாலையோ இருந்ததா, எத்தனை சுருட்டு. சுருட்டுக் கட்டத்தில் மட்டும் அப்பா சொல்வதில் பாதியைக் கூட்டி எழுதுவேன்.

அடுத்தடுத்த எண்கள் படிப்படியாக ஏறினால் தாளோடு நிபுணரிடம் போங்கள். பரவலை உறுதிசெய்வது எண்ணல்ல, ஸ்கேன். சவ்வில் ஒட்டிய சிறு கட்டிகள் சிடி ஸ்கேனிலும் தப்பிவிடும். அதற்கு வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்து, கழுவிய நீரில் புற்றணுக்களைத் தேடுவார்கள்.

ஹெர்2 என்ற புரதம் இவற்றோடு சேராது. கட்டியின் திசுவில் பார்ப்பது. பரவிய நிலையில் டிராஸ்டுசுமாப் மருந்து பயன்படுமா என்று சொல்லும். பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.

இந்த இரத்தச் சோதனைகளுக்காகப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. அப்பா நம்பவில்லை. வெறும் வயிற்றோடு கிளம்பி, ஊசி போட்ட பஞ்சைப் பிடித்துக்கொண்டே எதிர்க்கடையில் பாதி ரொட்டி சானாய் சாப்பிடுகிறார்.