தூய்மைப் பணிக்கும் நிர்வாகச் சேவைக்கும் மதிப்புக் கணக்குப் போடும் முறை

தஞ்சாவூருக்கோ திருவாரூருக்கோ கழிவு மேலாண்மையின் பொருளாதார மதிப்பைக் கணக்கிட உட்காருபவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, தினம் எத்தனை டன் குப்பை என்று. அதைப் பிறகு பார்க்கலாம். வேலையை யார் செய்கிறார், அவருக்குக் கூலி எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். அதே தெருவை அதே ஆள் கூட்டினாலும், சம்பளம் வரும் வழி மாறினால் அவர் உழைப்பு ஏறும் கட்டமும் மாறும்.

அமெரிக்கத் தொழில் வகைப்பாட்டில் நிர்வாக ஆதரவுச் சேவையும் கழிவு மேலாண்மையும் 56 என்ற ஒரே பிரிவு. நம் தேசியத் தொழில் வகைப்பாடு 2008 இரண்டையும் பிரித்துவிட்டது. குப்பை சேகரிப்பு, உரமாக்கல், மறுசுழற்சி எல்லாம் 38. கழிவுநீரும் செப்டிக் டேங்க் லாரியும் 37. ஆட்கள் அனுப்பும் ஏஜென்சி, செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், டிராவல்ஸ், வாடகைக் கடை ஆகியவை 77 முதல் 82 வரை. தெருக் கூட்டுவது 81-இல் வரும், குப்பை அள்ளுவது 38-இல் வரும். ஒரே ஒப்பந்தத்தில் இரண்டும் இருந்தால், ஆள் எண்ணிக்கையை வைத்துப் பிரியுங்கள். பழைய இரும்புக் கடை வெறுமனே தரம்பிரித்து விற்றால் அது வணிகம் (46). அங்கே விற்பனை முழுவதும் உற்பத்தி ஆகாது, வாங்கிய விலை போக நிற்கும் லாப இடைவெளி மட்டுமே. டெல்டாவில் இன்னொன்றும் தடுமாற வைக்கும். நெல் அறுவடை இயந்திரம் டிரைவரோடு வாடகைக்கு வந்தால் வேளாண் துணைச் சேவை (01), இயந்திரம் மட்டும் வந்தால் 77.

கணக்கின் முதுகெலும்பு ஒரு கழித்தல்தான்: உற்பத்தி மதிப்பிலிருந்து இடைநிலை நுகர்வை (வேலைக்காக வெளியே வாங்கிய பொருள், சேவையின் செலவு) கழித்தால் மொத்த மதிப்புக் கூட்டல். நகராட்சி தரும் சேவைக்குச் சந்தை விலை கிடையாது. எனவே அதன் உற்பத்தியைச் செலவுகளைக் கூட்டித்தான் மதிப்பிட வேண்டும்: ஊதியம், பொருள் மற்றும் சேவை வாங்கிய செலவு, தேய்மானம். பேரேட்டில் சுகாதாரப் பிரிவின் சம்பளப் பட்டியலைத் தனியே கேட்டு வாங்குங்கள். வாங்காவிட்டால் அத்தனையும் பொது நிர்வாகத்தில் (84) கரைந்துவிடும்.

ஒரு கற்பனை நகராட்சியை எடுத்துக்கொள்வோம். எண்கள் லட்ச ரூபாயில். நிரந்தரப் பணியாளர் ஊதியம் 240, டீசல், பிளீச்சிங் பவுடர், கையுறை, உதிரிபாகம் 60, ஒப்பந்ததாரருக்குக் கொடுத்தது 180, வண்டித் தேய்மானம் 20.

உற்பத்தி: 240 + 60 + 180 + 20 = 500
இடைநிலை நுகர்வு: 60 + 180 = 240
மதிப்புக் கூட்டல்: 260

ஒப்பந்ததாரருக்கு வரவு 180, அதில் பொருள் செலவு 30. மீதி 150 அவருடைய மதிப்புக் கூட்டல். ஊருக்கு மொத்தம் 410. 500-ஐயும் 180-ஐயும் கூட்டி 680 என்று எழுதினால், ஒப்பந்தத் தொகை இரண்டு முறை ஏறிவிடும்.

இன்னொரு தவறு இதைவிட அடிக்கடி நடக்கிறது. வீடுகளில் வசூலித்த பயன்பாட்டுக் கட்டணம் 40 லட்சம் என்றால், அதையும் 500-இன் மேல் ஏற்றி 540 ஆக்கிவிடுகிறார்கள். கூடாது. சேவைக்கு ஆன செலவு முழுதும் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அரசின் இறுதி நுகர்வை (மக்களுக்காக அரசே ஏற்கும் செலவு) காணும்போது மட்டும் 40-ஐக் கழித்து 460 என்று எழுத வேண்டும். நுண் உர மையத்தில் உரம் விற்ற காசுக்கும் இதே விதி. ஆனால் தரம்பிரித்த பிளாஸ்டிக்கை விற்ற பணத்தைத் தூய்மைப் பணியாளர்களே பங்கிட்டுக்கொண்டால், அது அவர்களுடைய ஊதியம். ரசீதில் வரவில்லை என்று விட்டுவிட்டால் அவர்கள் உழைப்பின் ஒரு பகுதியையே அழித்ததாகும்.

ஊதியம் என்றால் கைக்கு வந்த பணம் மட்டுமல்ல. முதலாளி கட்டும் பி.எஃப். 12%, இ.எஸ்.ஐ. 3.25%, போனஸ் எல்லாம் சேரும். யூனிஃபார்ம், கம்பூட், கையுறை ஆகியவை வேலைக்கான பொருள். இடைநிலை நுகர்வில் போட வேண்டும். மார்ச் மாத பில் ஜூனில் பாஸானாலும், வேலை நடந்த ஆண்டிலேயே எழுதுங்கள். ஜி.எஸ்.டி. உற்பத்தி மதிப்பில் வராது.

டிராவல்ஸ் கணக்கில் கவனம் வேண்டும். பஸ் டிக்கெட் போட்டுக் கொடுப்பவரின் உற்பத்தி கமிஷன் மட்டுமே. கும்பகோணத்திலிருந்து நவக்கிரகக் கோயில் சுற்றுலாவைப் பேக்கேஜாக விற்பவருக்கோ முழுத் தொகையும் உற்பத்தி. வேன் வாடகையும் ஓட்டல் பில்லும் இடைநிலை நுகர்வு.

ஆண்டுகளை ஒப்பிடும்போதுதான் டன் கணக்கு கைகொடுக்கும். கூலி உயர்ந்து ஒப்பந்தத் தொகை ஏறினால் சேவை கூடிவிட்டது என்று பொருளில்லை. தினசரி சேகரிப்பு உள்ள வீடுகள், தரம்பிரித்து வந்த எடை இரண்டையும் அளவுக் குறியீடாக வையுங்கள். 2016 பிப்ரவரியில் மகாமகம் நடந்ததால், கும்பகோணத்துக்கு 2015-16-ஐ அடிப்படை ஆண்டாக எடுக்காதீர்கள். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவின் குப்பை எடையைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பெருக்கிவிடக் கூடாது.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. ஒப்பந்ததாரரின் பி.எஃப். சலானில் உள்ள ஆள் எண்ணிக்கையை வார்டு வருகைப் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். பதிவேட்டு எண்ணிக்கையை நாள்கூலியாலும் வேலை நாட்களாலும் பெருக்கி வரும் தொகை, ஒப்பந்ததாரருக்கு நீங்கள் கண்ட மதிப்புக் கூட்டலைவிட அதிகமாக இருந்தால், எங்கோ ஆட்கள் விடுபட்டிருக்கிறார்கள். அல்லது கூலியைப் பொருள் செலவில் எழுதியிருக்கிறார்கள். பில்லை மறுபடி பிரித்துப் பாருங்கள்.