நீண்ட தூர மலைப்பாதை சைக்கிள் பந்தயத்திற்குப் பெங்களூரிலிருந்து தயாராகும் முறை

நூறு கிலோமீட்டர் தூரமும் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றமும் கொண்ட மலைப்பாதைப் பந்தயத்தில் முதன்முறையாகக் கலந்துகொள்பவர்கள், காலில் உள்ள வலுவே தங்களைக் கரை சேர்த்துவிடும் என்று நம்புகிறார்கள். ஆனால் நான் பார்த்தவரை, பாதியில் விலகியவர்களில் பெரும்பாலோருக்குக் காலில் வலு இருந்தது. முதல் இரண்டு மணி நேரத்தில் அளவுக்கு மீறி உழைத்ததும், பசி எடுக்கட்டும் என்று காத்திருந்து சாப்பிட்டதுமே அவர்களை வீழ்த்தின.

இதற்குக் காரணம் எளியது. தசையிலும் கல்லீரலிலுமாக உடல் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 400 முதல் 500 கிராம்வரைதான். கடுமையாக மிதித்தால் இரண்டு மணி நேரத்திற்குள் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். கொழுப்பு எவ்வளவு இருந்தாலும், செங்குத்தான ஏற்றத்திற்கு வேண்டிய வேகத்தில் அது எரிவதில்லை. என் முதல் பந்தயத்தில் ஐந்தாம் மணி நேரத்தில், சாதாரண மேடு ஒன்றில் கைகள் நடுங்கிக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தபோது, சட்டைப் பையில் நான்கு கடலை மிட்டாய்கள் உறை பிரிக்கப்படாமலே இருந்தன. கையுறை போட்ட விரலால் அந்த உறையைக் கிழிக்க முடியாமல் இரண்டு முறை முயன்று, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அன்றிலிருந்து முந்தைய இரவே ஒவ்வோர் உறையின் ஓரத்தையும் கத்தரிக்கோலால் வெட்டி வைக்கிறேன்.

மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பதைக் குறைந்தபட்ச இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது. 600 மில்லி தண்ணீரில் 40 கிராம் நாட்டுச்சர்க்கரை, அரை எலுமிச்சையின் சாறு, கால் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைக் கரைத்துக்கொண்டால், அந்தப் பாட்டிலும் ஒரு வாழைப்பழமும் ஒரு மணி நேரத்திற்குப் போதும். வியர்வையில் போகும் உப்பும் ஓரளவு ஈடாகும். கடலை மிட்டாயில் கொழுப்பு இருப்பதால் அது மெதுவாகவே செரிக்கும். அதை முதல் பாதியில் முடித்துவிட்டு, பிற்பகுதிக்குப் பேரீச்சம்பழத்தையும் பானத்தையும் வைத்துக்கொள்வது நல்லது. கைக்கடிகாரத்தில் இருபது நிமிடத்திற்கு ஒருமுறை ஒலி எழும்படி வைத்து, ஒலித்ததும் யோசிக்காமல் ஒரு வாய் சாப்பிடுங்கள். வயிற்றுக்கும் பழக்கம் வேண்டும் என்பதால், பயிற்சியில் சாப்பிட்டுப் பார்க்காத எதையும் பந்தயத்தன்று வாயில் வைக்காதீர்கள்.

பயிற்சிக்குப் பன்னிரண்டு வாரங்கள் ஒதுக்குங்கள். 1,478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலை நமக்குப் பக்கத்திலேயே இருப்பது பெரிய வரம். விடிவதற்கு முன்பே அல்சூரிலிருந்தோ ஜெயநகரிலிருந்தோ கிளம்பி, அடிவாரத்திலிருந்து முதல் முறை ஏற எடுத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, மூன்றாம் முறையும் ஏறத்தாழ அதே நேரத்தில் ஏற முடிகிறதா என்று பாருங்கள். முதல் ஏற்றம் வேகமாகவும் மூன்றாவது தள்ளாடியும் முடிந்தால், பந்தயத்திலும் அதுவே நடக்கும். ஏறும்போது பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடியவேண்டும். முதல் இரண்டு மணி நேரத்திற்கு இதைவிட நம்பகமான அளவுகோல் எனக்குத் தெரியாது. தொடக்கத்தில் நூறு பேர் முந்திப் போனாலும் போகட்டும்.

நந்தி மலை தார்ச்சாலை என்பதால் அது மட்டும் போதாது. வாரம் ஒரு நாளாவது பெங்களூரின் தெற்கே உள்ள துரஹள்ளிக் காடு போன்ற பாறையும் சரளையும் கலந்த இடத்தில், அனுமதியை விசாரித்துக்கொண்டு ஓட்டுங்கள். சரளையேற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும். இருக்கையின் முன்நுனியில் உட்கார்ந்து, நெஞ்சைத் தாழ்த்தி, எளிதாக மிதிக்க வரும் கியரில் சீராகச் சுற்றவேண்டும். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் முன்கை மரத்துப் போகும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விரலைத் தளர்த்திவிடுங்கள்.

சைக்கிளைப் பொறுத்தவரை டயர்தான் முதன்மை. எழுபது கிலோ எடையுள்ளவருக்கு, 2.3 அங்குல டியூப்லெஸ் டயரில் முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐ காற்று தொடக்கத்திற்குப் பொருத்தமானது. பாறையில் ரிம் இடிக்கும் சத்தம் கேட்டால் ஒன்றிரண்டு கூட்டுங்கள். துளையை அடைப்பதற்காக உள்ளே ஊற்றும் சீலன்ட் திரவம் இரண்டு மூன்று மாதங்களில் உலர்ந்துவிடும் என்பதால், பந்தயத்திற்கு ஒரு வாரம் முன்பு புதிதாக ஊற்றுங்கள். ஒரு டியூப், பம்ப், செயின் இணைப்பான், செயின் கழற்றும் கருவி, பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் ஒன்று ஆகியவை உடன் இருக்கவேண்டும். இந்த ஹேங்கர் சைக்கிளுக்குச் சைக்கிள் மாறுபடும். வழியில் யாரிடமும் கடன் வாங்க முடியாது.

கடைசி இரண்டு வாரங்களில் தூரத்தைப் பாதியாகக் குறைத்து, வேகப் பயிற்சியை மட்டும் சிறிதளவு தொடருங்கள். பந்தயம் இமாச்சலத்தில் என்றால், ஏறத்தாழ 900 மீட்டரில் வாழும் நமக்கு 2,200 மீட்டர் உயரமுள்ள சிம்லாவிலேயே மூச்சு வாங்கும். ஒரு வாரம் முன்னதாகப் போய்ச் சேர வழியிருந்தால் கட்டாயம் போங்கள்.

பந்தயத்தன்று காலை மூன்று மணி நேரம் முன்னதாக இட்லியும் சர்க்கரையும் சாப்பிடுங்கள். நெய் மிதக்கும் பொங்கல் வேண்டாம். பந்தயப் பாதையில் உள்ள ஒவ்வொரு சோதனைச் சாவடியும் மூடப்படும் நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கைப்பிடிக்கு அருகே ஒட்டிக்கொள்ளுங்கள். சாவடியில் பாட்டில் நிரப்ப மட்டும் நின்று, உட்காராமல் கிளம்புங்கள். முடித்த அரை மணி நேரத்திற்குள் தயிர்சாதமாவது சாப்பிட்டுவிட்டு, சேறு காய்வதற்குள் செயினைத் துடைத்து எண்ணெய் போடுங்கள்.