‘த லெஜண்ட்’ தொடரின் முதல் பகுதியைக் குழப்பமின்றிப் பார்ப்பது எப்படி?

பழங்காலக் கொரிய அரசுகளில் ஒன்றான கொகுரியோவின் 19ஆம் மன்னரான குவாங்கெத்தோவை நாயகனாகக் கொண்டு, 2007 செப்டம்பரில் தென்கொரியாவின் எம்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய 24 பகுதிகள் கொண்ட தொடர் ‘த லெஜண்ட்’. போர்க்களத்தையும் அரியணையையும் எதிர்பார்த்து முதல் பகுதியைத் திறப்பவர்களுக்கு, மன்னருக்குப் பற்பல நூற்றாண்டுகள் முந்தைய ஒரு தேவகுமாரனும், தீயை ஆளும் ஒரு பூசாரிப் பெண்ணும், வானில் சீறும் விலங்குகளுமே காணக் கிடைக்கின்றன. முதன்முறை பார்த்தபோது நானும் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். கொரியப் பிள்ளைகள் சிறுவயதிலேயே கேட்டு வளரும் ஒரு கதை எனக்குத் தெரியாதிருந்ததே அதற்குக் காரணம். ஆகவே அந்தக் கதையிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: கரடியும் புலியும்

13ஆம் நூற்றாண்டில் இரியோன் என்ற பௌத்தத் துறவி தொகுத்த ‘சாம்குக் யுசா’ நூலில் இக்கதை உள்ளது. விண்ணரசனின் மகன் ஹ்வானுங், மண்ணுலகை ஆள விரும்பி, 3,000 பேருடனும் காற்று, மழை, மேகம் ஆகியவற்றுக்கு உரிய மூன்று அமைச்சர்களுடனும் ஒரு மலையுச்சியில், புனித மரத்தின் அடியில் வந்து இறங்குகிறான். ஒரே குகையில் வாழ்ந்த கரடியும் புலியும் தங்களை மனிதராக்கும்படி அவனை வேண்டுகின்றன. மாசிபத்திரிக் கட்டு ஒன்றையும் 20 பூண்டுகளையும் கொடுத்து, இவற்றை மட்டும் உண்டு 100 நாள் வெயில் படாமல் இருக்க வேண்டும் என்கிறான். புலியால் பொறுக்க முடியவில்லை. கரடியோ 21ஆம் நாளிலேயே பெண்ணாகிறது. அவளுக்கும் ஹ்வானுங்குக்கும் பிறந்த தான்குன் என்பவனே கொரியாவின் முதல் அரசன் என்பது மரபு. அவன் நாட்டை நிறுவியதாகக் கொள்ளப்படும் கி.மு. 2333ஐ நினைவுகூர்ந்து, தென்கொரியாவில் அக்டோபர் 3 இன்றும் பொது விடுமுறை நாளாக உள்ளது.

படி 2: தொடர் செய்த மாற்றம்

தொடரில் கரடியும் புலியும் விலங்குகள் அல்ல, இரண்டு குலங்கள். அவை அந்தந்த விலங்கைக் குலக்குறியாகக் கொண்ட கூட்டங்களாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்லிவந்த விளக்கத்தையே கதாசிரியர் சோங் ஜி-நா எடுத்துக்கொண்டிருக்கிறார். புலிக் குலத்தின் பூசாரி காஜின் தீயின் ஆற்றலை உடையவள். கரடிக் குலத்தின் வீராங்கனை பெயர் சேஓ. ஹ்வானுங் காஜினின் தீயைப் பறித்து ஒரு சிவப்புக் கல்லுக்குள் அடக்கி, அதைச் சேஓவிடம் ஒப்படைக்கும் இடத்தில் சற்றே நிறுத்திக் காஜினின் முகத்தைப் பாருங்கள். பழங்கதையில் தோற்று ஓடிப்போன புலிக்கு அங்கே ஒரு மனம் கிடைத்துவிடுகிறது. தான் விரும்பியவனாலேயே ஆற்றலை இழந்த ஒருத்தியின் துயரமும் சினமும் 24 பகுதிகளையும் நகர்த்துகின்றன என்பதால், இந்தக் காட்சியைத் தவறவிட்டவர்களுக்குப் பின்னால் வரும் பகைகள் காரணமற்றவையாகவே தோன்றும்.

படி 3: நான்கு காவலர்கள்

ஒரு தாளில் நான்கு திசைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். கிழக்கில் நீல டிராகன், மேற்கில் வெண்புலி, தெற்கில் செம்பறவை, வடக்கில் பாம்பு சுற்றிய கருநிற ஆமை. தொடரில் மேக அமைச்சர் டிராகனாகவும், காற்று அமைச்சர் புலியாகவும், மழை அமைச்சர் ஆமையாகவும் உருமாறுகிறார்கள். செம்பறவையின் ஆற்றல் அந்தச் சிவப்புக் கல்லில் இருக்கிறது. இந்த நால்வரும் தொடருக்காகக் கற்பனை செய்யப்பட்டவர்கள் அல்லர். கொகுரியோக் கல்லறைகளின் உட்சுவர்களில் இதே நால்வரும் தத்தம் திசையில் தீட்டப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். அக்கல்லறைகள் 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

படி 4: பார்க்கும்போது

முகங்களை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஹ்வானுங்காக வரும் பே யோங்-ஜுனே பின்னர் தாம்தொக் என்ற இயற்பெயருடைய மன்னராகவும் வருகிறார்; காஜினாக நடிக்கும் மூன் சோ-ரியும் சேஓவாக நடிக்கும் லீ ஜி-ஆவும் மறுபிறவியில் வேறு பெயர்களில் திரும்புவார்கள். பெயர்கள் முதலில் நழுவினாலும் கவலை வேண்டாம். ஜோ ஹிசாயிஷியின் இசையைக் குறைந்த ஒலியில் கேட்பது வீண் என்பது என் கருத்து.

படி 5: பார்த்த பின்

குவாங்கெத்தோ 391 முதல் 412 வரை ஆண்ட உண்மையான மன்னர். அவருடைய மகன் ஜாங்சு 414இல் நிறுவிய, 6 மீட்டருக்கும் மேல் உயரமான நினைவுக்கல் இன்றைய சீனாவின் ஜீஆன் நகரில் நிற்கிறது. அதன் நான்கு பக்கங்களிலும் ஏறத்தாழ 1,775 எழுத்துகள் செதுக்கப்பட்டுள்ளன. 18 வயதில் அரியணை ஏறிய அவர் எந்தெந்த ஆண்டில் எங்கெங்கே படையெடுத்தார் என்பதை வரிசையாகச் சொல்லும் அந்தக் கல், போரிலிருந்து தொடங்கவில்லை. விண்ணரசனுக்கும் ஆற்றுத் தெய்வத்தின் மகளுக்கும் மகனாக, முட்டையை உடைத்துக்கொண்டு பிறந்த மூதாதை சூமோ நாட்டை நிறுவிய கதையே அதன் தொடக்கம். மன்னரைச் சொல்வதற்கு முன் வானத்தைச் சொல்லும் அந்த வரிகளின் மொழிபெயர்ப்பை ஒருமுறை தேடிப் படித்துவிட்டு, இரண்டாம் பகுதியைத் தொடங்குங்கள்.