லாங்டாங் பள்ளத்தாக்கு: இமயமலையில் முதல் முறை நடக்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிமுறை

நேபாளத்தில் மலைநடை என்றதும் எல்லோரும் எவரெஸ்ட், அன்னபூர்ணா என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். முதல் தடவை போகிறவர் என்னிடம் கேட்டால் நான் லாங்டாங்கைத்தான் சொல்வேன். காத்மாண்டுவுக்கு வடக்கே, திபெத் எல்லையை ஒட்டிக் கிடக்கும் பள்ளத்தாக்கு அது. உள்நாட்டு விமானம் தேவையில்லை, பேருந்திலேயே மலையடிவாரத்துக்குப் போய்விடலாம். கூடாரமும் வேண்டாம். வழியெங்கும் மக்கள் நடத்தும் சிறு விடுதிகளில் படுக்கையும் சாப்பாடும் கிடைக்கும். கீழே தமாங் மக்களின் ஊர்கள். மேலே போகப் போகப் பேச்சும் உடையும் வழிபாடும் திபெத்தை நெருங்கும்.

பெயருக்கே ஒரு கதை உண்டு. தொலைந்துபோன மாட்டைத் தேடி, அதன் தடம் பிடித்துப் போன ஒருவர்தான் இந்தப் பள்ளத்தாக்கை முதலில் கண்டாராம். 'லாங்' என்றால் மாடு, 'டாங்' என்றால் பின்தொடர்வது என்று அங்குள்ளவர்கள் பொருள் சொல்கிறார்கள். மாட்டின் பின்னால் போகிறவர் எந்த வேகத்தில் நடந்திருப்பாரோ, அதுதான் இங்கே சரியான வேகம்.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

மார்ச் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை, அல்லது அக்டோபர், நவம்பர். வசந்தத்தில் போனால் காடு முழுக்க லாலிகுராஸ் சிவந்து கிடக்கும். நேபாளத்தின் தேசிய மலர் அது. வானம் துல்லியமாக இருப்பது அக்டோபரில். ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம். அட்டைப்பூச்சியைக்கூடச் சமாளித்துவிடலாம், ஆனால் மழையில் சரியும் மலைச்சாலையில் பேருந்துப் பயணம் ஆபத்தானது.

இரண்டாம் படி: உடம்பைத் தயார் செய்வது

குறைந்தது இரண்டு மாதம் ஒதுக்குங்கள். ஓடத் தெரிய வேண்டும் என்றில்லை. தினமும் ஆறேழு மணி நேரம் நடந்துவிட்டு மறுநாளும் எழுந்து நடக்க முடிய வேண்டும், அதுதான் தேவை. வாரத்தில் மூன்று நாள் மாடிப்படி ஏறி இறங்குங்கள். கடைசி மாதத்தில் ஐந்தாறு கிலோ பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறுங்கள். இறங்கும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள், முழங்கால் வலி பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது. வாங்கிய புது ஷூவை இந்த இரண்டு மாதமும் போட்டே நடங்கள். புது ஷூவோடு நேராக மலைக்குப் போனால் இரண்டாம் நாளே குதிகாலில் கொப்புளம்.

மூன்றாம் படி: காகிதங்களும் பணமும்

இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. விமானத்தில் போகிறவர்கள் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டையை எடுத்துச் செல்ல வேண்டும்; ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். இந்தப் பகுதி 1976-இல் அமைந்த லாங்டாங் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. பூங்கா நுழைவுச் சீட்டை காத்மாண்டுவில் உள்ள நேபாளச் சுற்றுலா வாரிய அலுவலகத்தில் வாங்கலாம், அல்லது வழியில் துன்சே சோதனைச் சாவடியில் வாங்கலாம். சார்க் நாட்டவர்களுக்குக் கட்டணம் குறைவு, மறக்காமல் சொல்லுங்கள்.

வெளிநாட்டவர் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் சுற்றுலா வாரியம் விதி கொண்டுவந்தது. விதி இல்லாவிட்டாலும் முதல் தடவை வழிகாட்டி வேண்டும் என்பதே என் கருத்து. கிடைத்தால் அந்தப் பகுதிக்காரராகவே பாருங்கள். பாதை காட்டுவதோடு நிற்காமல், ஒவ்வொரு வீட்டு அடுப்படிக்கும் உங்களை அழைத்துப் போவார்.

ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது நிலையான மாற்று விகிதம். தேவையான பணத்தை காத்மாண்டுவிலேயே மாற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நடைபாதையில் ஏடிஎம் கிடையாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது 5,000 மீட்டர் உயரம் வரையிலும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் பொருந்துமா என்று எழுத்தில் பார்த்து எடுங்கள். மேலே சாலை இல்லை. நடக்க முடியாமல் போனால் ஹெலிகாப்டர்தான்.

நான்காம் படி: பை

எட்டு கிலோவுக்குள் அடக்குங்கள். உடம்போடு ஒட்டும் சட்டை இரண்டு, வியர்வை சீக்கிரம் காயும் துணியாக (பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது), கம்பளி அல்லது ஃப்ளீஸ் ஒன்று, கனமான குளிர் ஜாக்கெட், மழை ஜாக்கெட், தொப்பி, கையுறை, மூன்று ஜோடி சாக்ஸ், ஸ்லீப்பிங் பேக், தலையில் மாட்டும் டார்ச், குளிர்கண்ணாடி, ஊன்றுகோல், தண்ணீரைச் சுத்தம் செய்யும் மாத்திரை. ஜாக்கெட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் காத்மாண்டு தமேல் கடைகளில் வாடகைக்கே கிடைக்கும். போர்ட்டர் வைத்துக்கொண்டால் இருவருக்கு ஒருவர், மொத்தம் 20 கிலோவுக்கு மேல் வேண்டாம். அவரிடம் நல்ல ஷூவும் குளிர் உடையும் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். அது நம் பொறுப்பு.

ஐந்தாம் படி: நாள்வாரியாக நடை

இந்தப் படியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். பெரும்பாலான திட்டங்கள் தப்புவது இங்கேதான்.

முதல் நாள் காத்மாண்டுவிலிருந்து சியாப்ருபேசி. பேருந்தில் ஒரு பகல் முழுக்க ஆகும். உயரம் சுமார் 1,500 மீட்டர்.

இரண்டாம் நாள் லாங்டாங் ஆற்றை ஒட்டிக் காட்டுக்குள் ஏறி, பாம்பூ என்ற இடத்தில் மதியச் சாப்பாடு, இரவு லாமா ஹோட்டல். பெயர்தான் ஹோட்டல், அது ஒரு சிற்றூர். சுமார் 2,400 மீட்டர். மரக்கிளைகளில் லங்கூர் குரங்குகளைப் பார்க்கலாம். எதிர்ப்பாறைகளில் மலைத்தேனீக்கள் கட்டிய பெரிய அடைகள் தொங்கும்.

மூன்றாம் நாள் எல்லாத் திட்டங்களும் உங்களை நேராக லாங்டாங் ஊருக்கு, 3,430 மீட்டருக்கு, அழைத்துப் போகும். ஒரே நாளில் ஆயிரம் மீட்டர். நான் முதல் தடவை அப்படித்தான் போனேன். கால் நன்றாகவே இருந்தது, யாரும் பின்தங்கவில்லை. இரவு எட்டு மணிக்குத் தலைக்குள் யாரோ ஆணி அடிப்பது போல வலி. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டியது. விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். காலையில் வழிகாட்டி என் பையைத் தானே தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல் கீழே திரும்பி நடந்தார். கோடாதபேலாவுக்கு வந்து சேர்ந்து இரண்டு மணி நேரத்தில் தலைவலி விட்டது. அடுத்த நாள் மறுபடி ஏறினேன், ஒன்றும் ஆகவில்லை. மிச்சப்படுத்த நினைத்த ஒரு நாளுக்கு இரண்டு நாள் போனது.

ஆகவே மூன்றாம் நாள் கோடாதபேலாவில் (சுமார் 3,000 மீட்டர்) நின்றுவிடுங்கள். மதியமே வந்து சேர்வீர்கள். பரவாயில்லை, வெயிலில் உட்காருங்கள். நான்காம் நாள் லாங்டாங் ஊர். ஐந்தாம் நாள் கியாஞ்சின் கோம்பா ('கோம்பா' என்றால் பௌத்த மடாலயம்), சுமார் 3,870 மீட்டர், மூன்று நான்கு மணி நேர நடைதான். ஆறாம், ஏழாம் நாட்கள் அங்கேயே. எட்டாம் நாள் லாமா ஹோட்டல், ஒன்பதாம் நாள் சியாப்ருபேசி, பத்தாம் நாள் காத்மாண்டு.

'பிஸ்தாரை, பிஸ்தாரை' என்று வழிகாட்டிகள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மெதுவாக, மெதுவாக. பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி. பேச்சு நின்று மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

ஆறாம் படி: மலைநோயை அடையாளம் காண்பது

கியாஞ்சினில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 62 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுதான். உடம்பு பழகிக்கொள்ளும், ஆனால் அதற்கு நாள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். பகலில் உயரே ஏறிவிட்டு இரவு கீழே வந்து படுப்பது நல்லது.

தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், அசாதாரணச் சோர்வு இவற்றில் ஒன்று சேர்ந்தாலே மலைநோய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மேலே ஏறக் கூடாது. குறையாவிட்டால் இறங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், நேர்கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்க முடியாமல் தள்ளாடினாலும், பேச்சு குழம்பினாலும் நள்ளிரவானாலும் உடனே இறக்குங்கள். அது உயிர்ப் பிரச்சினை. டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையைப் பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மது, தூக்க மாத்திரை இரண்டும் வேண்டாம். விடுதிகளில் பூண்டு சூப் குடிக்கச் சொல்வார்கள். அது மலைநோயைத் தீர்க்காது, ஆனால் அந்தக் குளிரில் சூடாக ஒரு கிண்ணம் உள்ளே போவது நல்லதுதான்.

ஏழாம் படி: ஊருக்குள் நடந்துகொள்வது

பாதை நடுவே நீளமான கற்சுவர்கள் வரும். ஒவ்வொரு கல்லிலும் 'ஓம் மணி பத்மே ஹூம்' செதுக்கியிருக்கும். மணிச் சுவர் என்று பெயர். சுவர் எப்போதும் உங்கள் வலது பக்கம் இருக்கும்படி, அதன் இடப்புறமாகவே கடந்து போங்கள். நாம் சன்னிதியை வலம் வருவோமே, அதே முறைதான். ஓடை நீரின் விசையில் தானாகச் சுழலும் பிரார்த்தனை உருளைகளையும் வழியில் பார்ப்பீர்கள். கையால் சுழற்றுவதை வலமாகவே சுழற்றுங்கள். மணிக் கற்கள் மேல் உட்காருவதோ பையை வைப்பதோ கூடாது.

எச்சில் என்ற எண்ணம் நமக்கு இருப்பது போலவே அவர்களுக்கும் உண்டு. 'ஜூட்டோ' என்பார்கள். வாய் வைத்த கரண்டியைப் பொதுப் பாத்திரத்தில் போடாதீர்கள். அடுப்புத் தீயில் குப்பை எறியாதீர்கள். பணமோ பாத்திரமோ வலது கையால், அல்லது இரண்டு கையாலும் கொடுங்கள்.

விடுதிக்கார அம்மாவை 'தீதி' என்று கூப்பிடுங்கள், அக்கா என்று பொருள். வயதானவர் என்றால் 'ஆமா'. அண்ணனுக்கு அங்கே 'தாய்'. முதலில் நமக்குக் கூப்பிடக் கூச்சமாகவே இருக்கும், முதல் எழுத்தை 'தயவு' என்பதில் வருவது போல மெல்லச் சொன்னால் சரியாக வரும். மேலே லாங்டாங் பக்கம் நமஸ்தேயோடு 'தாஷி தெலே' என்றும் சொல்லுங்கள்.

தங்கும் இடத்திலேயே சாப்பிடுவது அங்குள்ள மரியாதை. அறைக்கு அவர்கள் வாங்குவது சொற்பம், சாப்பாட்டில்தான் குடும்பம் நடக்கிறது. தால் பாத் கேளுங்கள். சோறு, பருப்பு, காய், எத்தனை தடவை கேட்டாலும் வைப்பார்கள். இறைச்சி கீழிருந்து நாள்கணக்கில் சுமந்து வருவது, தவிர்த்துவிடுங்கள்.

லாங்டாங் ஊருக்குள் நுழையும் முன் ஒரு பெரிய கல்வெளியைக் கடப்பீர்கள். மரம் இல்லை, மண்ணும் பாறையும் மட்டும். அதன் அடியில்தான் பழைய ஊர் இருக்கிறது. 2015 ஏப்ரல் 25-ஆம் தேதி நண்பகலுக்குச் சற்று முன் வந்த நிலநடுக்கத்தில் லாங்டாங் லிருங் மலைப்பக்கத்திலிருந்து பனியும் பாறையும் சரிந்து ஊரை மூடின. ஊர்க்காரர்களும் பயணிகளுமாக இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் திரும்பி வந்து சற்று மேலே புது ஊரைக் கட்டியிருக்கிறார்கள். இறந்தவர்களின் பெயர்கள் நினைவுச் சுவரில் இருக்கின்றன. அந்தக் கல்வெளியில் நின்று சிரித்தபடி படம் எடுக்காதீர்கள். இரவு உங்களுக்குச் சோறு போடப்போகும் தீதியின் வீட்டார் அங்கே இருக்கலாம். 'உங்கள் வீட்டில் யார் போனார்கள்' என்று நாமாகக் கேட்கவும் வேண்டாம். அடுப்படியில் நேரம் ஆக ஆக, சொல்ல நினைத்தால் அவர்களே சொல்வார்கள்.

எட்டாம் படி: கியாஞ்சினில் இரண்டு நாள்

முதல் நாள் காலை கியாஞ்சின் ரி ('ரி' என்றால் மலை). பாதி தூரம், கொடிகள் கட்டிய கீழ் முகடு வரை போனாலே போதும். லாங்டாங் லிருங் (7,200 மீட்டருக்கு மேல்) தலைக்கு மேலேயும் பனியாறு காலடியிலும் தெரியும். உடம்பு நன்றாக இருந்தால் மறுநாள் சுமார் 4,980 மீட்டர் உயரமுள்ள செர்கோ ரி. விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும், மதியத்துக்கு மேல் மேகமும் காற்றும் வந்துவிடும். ஏறாவிட்டாலும் குறை ஒன்றுமில்லை. கோம்பாவுக்குப் போங்கள். 1950-களில் சுவிஸ் உதவியோடு தொடங்கிய சீஸ் ஆலை இருக்கிறது, அங்கே செய்யும் சீஸை வாங்கிச் சாப்பிடுங்கள். வெண்ணெய்த் தேநீர் உப்பாக இருக்கும். தேநீர் என்று நினைக்காமல் சூப் என்று நினைத்துக் குடித்தால் பிடித்துப் போகும்.

ஒன்பதாம் படி: இறங்குவது

ஊன்றுகோலைச் சற்று நீளமாக்கிக்கொள்ளுங்கள், ஷூ கயிற்றைக் கணுக்காலில் இறுக்குங்கள், காலடியைச் சிறிதாக வையுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக் உறை, பேட்டரி எல்லாவற்றையும் பையிலேயே காத்மாண்டுவுக்குக் கொண்டுவாருங்கள், மேலே குப்பையை எடுத்துப்போக வண்டி இல்லை.

இன்னும் நான்கைந்து நாள் கையில் இருந்து உடம்பும் பழகியிருந்தால், துலோ சியாப்ரு வழியாக 4,380 மீட்டரில் இருக்கும் கோசாயிகுண்டம் ஏரிக்குப் போகலாம். ஆலகாலம் உண்ட சிவன் தொண்டை எரிச்சல் தணியத் திரிசூலத்தால் மலையைக் குத்தி வரவழைத்த நீர் அது என்பது அங்குள்ள ஐதிகம். ஆவணி அவிட்டத்தை ஒட்டி வரும் ஜனை பூர்ணிமாவில் ஆயிரக்கணக்கானோர் அங்கே நீராடுகிறார்கள்.

ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் காத்மாண்டுவில் ஒரு நாள் கட்டாயம் வெறுமனே விடுங்கள். சியாப்ருபேசி சாலையில் ஒரு சரிவு விழுந்தாலும் பேருந்து அரை நாள் நின்றுவிடும்.