ஜெர்மானிய யு-போட்டுகள்: எழுதுவோரும் மாடல் செய்வோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1914 செப்டம்பர் 22 அன்று இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுத் தீப்பிடிக்க வைத்த எம்டனை நீர்மூழ்கிக் கப்பல் என்று குறிப்பிடும் கட்டுரைகள் தமிழில் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. எம்டன் நீரின் மேல் ஓடிய ஜெர்மானிய இலகுரக குரூசர், அதாவது வேகமான போர்க்கப்பல். கார்ல் ஃபான் முல்லர் அதன் கேப்டன். அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியக் கடற்படையின் சிட்னி என்ற குரூசரிடம் அடிபட்டு அது தரைதட்டியது. எம்டன் சென்னையைத் தாக்கிய அதே நாள் காலையில்தான் யு-9 என்ற சிறிய நீர்மூழ்கி, வட கடலில் அபூக்கிர், ஹோக், கிரெஸ்ஸி என்ற மூன்று பிரிட்டிஷ் குரூசர்களை இரண்டு மணி நேரத்துக்குள் மூழ்கடித்து, 1,400-க்கும் மேற்பட்ட மாலுமிகளின் சாவுக்குக் காரணமாயிற்று. ஒரே நாளின் இந்த இரண்டு செய்திகளும் பிற்காலத்தில் ஒன்றோடொன்று கலந்துபோயிருந்தால் வியப்பில்லை.

யு-போட்டுகள் எனப்படும் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களைப் பற்றி எழுதுவோரும் அவற்றின் மாடல்களைச் செய்வோரும் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை, இப்படி இரண்டு வேறு கப்பல்களையோ ஒரே கப்பலின் இரண்டு வேறு காலங்களையோ ஒன்றாக்கிவிடுவதால் வருபவை. எண், வகை, மாதம் ஆகிய மூன்றையும் உறுதிசெய்துகொள்ளாமல் பேனாவையும் தொடக்கூடாது, பசையையும் தொடக்கூடாது என்பது என் கருத்து.

முதலில் எண். இரண்டு உலகப் போர்களிலும் ஜெர்மனி ஒன்றிலிருந்து தொடங்கித் தன் நீர்மூழ்கிகளுக்கு எண்ணிட்டதால், யு-20 என்று ஒரு படம் கிடைத்தால் அது எந்த யு-20 என்று கேட்டே ஆக வேண்டும். 1915 மே 7 அன்று லூசிடானியா என்ற பயணிகள் கப்பலை மூழ்கடித்த யு-20, அடுத்த ஆண்டே டென்மார்க் கரையில் தரைதட்டி, அதன் மாலுமிகளாலேயே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் யு-20 வேறு. அது 2பி வகையைச் சேர்ந்த குட்டிக் கப்பல். அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஆற்றிலும் சாலையிலுமாக ஜெர்மனிக்குக் குறுக்கே இழுத்துச் சென்று, டான்யூப் வழியாகக் கருங்கடலில் இறக்கினார்கள். 1944 செப்டம்பரில் துருக்கிக் கரைக்கு அருகே மாலுமிகளே அதை மூழ்கடித்தார்கள். இந்த இரண்டின் படங்களும் இடம் மாறி அச்சாகும்போது, முதல் உலகப் போரின் கேப்டனுக்குப் பின்னால் இரண்டாம் உலகப் போரின் கோபுரம் (நீர்மூழ்கியின் மேல்தளத்தில் உயர்ந்து நிற்கும் பகுதி) நிற்கிறது.

அடுத்தது வகை. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943 பிப்ரவரி 9 அன்று கீல் துறைமுகத்திலிருந்து தன் உதவியாளர் அபித் ஹசனுடன் புறப்பட்ட கப்பல் யு-180. இந்திய தேசிய ராணுவத்தில் தமிழர் பலர் இருந்ததால் இந்தப் பயணம் தமிழில் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. அதனாலேயே பிழைகளும் பெருகியிருக்கின்றன. ஜெர்மன் நீர்மூழ்கியிலேயே அவர் ஜப்பான் போய்ச் சேர்ந்ததாக எழுதுவது தவறு. ஏப்ரல் இறுதியில் மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே, கொந்தளித்த கடலில் ரப்பர் படகு ஒன்றின் உதவியோடு ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறி, அதில் சுமத்ராவுக்கு அருகிலுள்ள சபாங் வரை சென்று, அங்கிருந்து விமானத்தில்தான் அவர் டோக்கியோவுக்குப் போனார். இந்தக் காட்சியை மாடலாகச் செய்ய விரும்புவோர் கடையில் எளிதாகக் கிடைக்கும் 7சி வகைக் கிட்டை (ஒட்டிச் செய்யும் பாகங்கள் அடங்கிய பெட்டியை) வாங்கி யு-180 என்று பெயரிடுவது இன்னும் பெரிய தவறு. யு-180 என்பது 9டி-1 வகை. அந்த வகையில் கட்டப்பட்டவை யு-180, யு-195 என இரண்டே இரண்டு. அதன் நீளம் 87.6 மீட்டர், 7சி-யின் நீளமோ 67.1 மீட்டர். நீளத்தை விட்டாலும் உருவமே வேறு. 7ஆம் வகையில், மூழ்குவதற்கு நீர் நிரப்பும் தொட்டிகள் இரு பக்கமும் பொதிமூட்டை போலப் புடைத்து நிற்கும். 9ஆம் வகையிலோ முழு உடலையும் இரண்டாவது கூடு சூழ்ந்திருப்பதால் மேல்தளம் அகலமாகவும் தட்டையாகவும் அமைந்திருக்கும்.

அருங்காட்சியகக் கப்பல்களைப் பார்த்து அப்படியே நகலெடுப்பதும் இதே குழியில் விழச் செய்யும். கீல் அருகே லாபோவில் கரையில் நிற்கும் யு-995 ஓர் அரிய சான்று. ஆனால் அது தடிமனான உட்கூடு கொண்ட 7சி/41 வகை. போருக்குப் பின் நார்வே கடற்படையில் பல ஆண்டுகள் ஓடி, 1972 முதல் காட்சிப் பொருளாக நிற்பது. அதன் இன்றைய வண்ணம் அருங்காட்சியகம் பூசிய வண்ணம். அதன் உடலிலுள்ள வாசல்கள் பார்வையாளர்களுக்காக வெட்டப்பட்டவை. சிகாகோவில் உள்ள யு-505 வேறு வகை, 9சி. ஒன்றின் கோபுரத்தைப் பார்த்து மற்றொன்றின் கோபுரத்தைச் செய்யக்கூடாது.

யு-505 என்றதும் எனிக்மா நினைவுக்கு வருவதால் ஒரு சொல். எனிக்மா என்ற, ஜெர்மானியக் கடற்படையின் ரகசியக் குறியீட்டுச் சாதனத்தை முதன்முதலில் கைப்பற்றியது அமெரிக்கக் கடற்படை என்று நம்புவோர் உண்டு. பிரிட்டிஷ் மாலுமிகள் யு-110-இல் ஏறி எனிக்மாவையும் ஆவணங்களையும் எடுத்தது 1941 மே மாதம், அதாவது அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன். 1942 அக்டோபர் 30 அன்று மத்தியதரைக் கடலில் மூழ்கிக்கொண்டிருந்த யு-559-இலிருந்து குறியீட்டு ஆவணங்களை எடுத்துக்கொடுத்த ஃபாசன், கிரேசியர் என்ற இருவரும் கப்பலோடு மூழ்கிப் போனார்கள். அமெரிக்கர்கள் யு-505-ஐப் பிடித்தது 1944 ஜூன் 4 அன்றுதான்.

யு-போட்டுகளையெல்லாம் நீருக்கடியிலேயே வாழ்ந்த கப்பல்களாகக் கற்பனை செய்வது மற்றொரு தவறு. போரின் இறுதியில் 21ஆம் வகை வரும் வரை, தேவைப்பட்டால் மூழ்கக்கூடிய மேல்நீர்க் கப்பல்களாகவே அவை இருந்தன. 7சி வகை நீரின் மேல் டீசலில் 17 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்துக்கும் அதிகமாக ஓடும். மூழ்கிய பின் பேட்டரியை நம்பி 4 நாட் வேகத்தில் ஏறத்தாழ 80 கடல் மைல் போகலாம், அவ்வளவுதான். 1940 அக்டோபரில் எஸ்.சி.7 என்ற சரக்குக் கப்பல் அணியின் 35 கப்பல்களில் 20 அழிந்தபோது, பெரும்பாலான தாக்குதல்கள் இரவில், நீரின் மேலிருந்தே நடந்தன. ஆகவே 1940-ஐக் காட்டும் டயோராமாவில் (சுற்றுப்புறத்தோடு அமைக்கும் காட்சி மாடலில்) பகல் வெளிச்சத்தில் பெரிஸ்கோப் மட்டும் எட்டிப் பார்ப்பதைவிட, இருட்டில் முழு உடலும் தெரிய ஓடுவதே அந்தக் காலத்துக்குப் பொருத்தமாக இருக்கும்.

இனி மாதம். மாடல் மேசையில் அதிகம் பிழைப்பது இதில்தான். போருக்கு முன் கோபுரத்தில் பெரிதாக வெள்ளையில் எழுதப்பட்டிருந்த எண், போர் தொடங்கியதும் நீக்கப்பட்டது. எனவே 1942-ஐக் காட்டும் மாடலில் கிட்டோடு வந்த எண் டெக்காலை (ஒட்டுப்படத்தை) ஒட்டினால் பிழை. யு-47-இன் புகழ்பெற்ற சீறும் காளைச் சின்னம், 1939 அக்டோபர் 14 அன்று ஸ்காபா ஃப்ளோவில் ராயல் ஓக் போர்க்கப்பலை மூழ்கடித்துவிட்டுத் திரும்பும் வழியில் தீட்டப்பட்டது. அந்த இரவைக் காட்டும் டயோராமாவில் காளைக்கு இடமில்லை. தவிர, யு-47 ஒரு 7பி வகைக் கப்பல். 7சி கிட்டில் அதைச் செய்வோர் ஒரு நீள வேறுபாட்டையும் சேர்த்து விழுங்குகிறார்கள்.

கோபுரத்துக்கு முன்னால் நிற்கும் 88 மி.மீ. பீரங்கியும் அப்படியே. தரைப்படையின் பேர்பெற்ற 88 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கியும் இதுவும் ஒன்றல்ல, ஒன்றின் குண்டு மற்றொன்றில் பொருந்தாது. அட்லாண்டிக்கில் விமானங்களின் தொல்லை மிகுந்த 1943-இல் இந்தப் பீரங்கி பெரும்பாலான 7சி கப்பல்களிலிருந்து அகற்றப்பட்டு, கோபுரத்தின் பின்புறம் இரண்டு தட்டுகளாக விமான எதிர்ப்புத் துப்பாக்கி மேடை விரிந்தது. மூழ்கியபடியே டீசலை ஓட்டக் காற்று இழுக்கும் ஸ்நார்கெல் குழாய் பரவலாகப் பொருத்தப்பட்டது 1944-இல். 7ஆம் வகையில் அது இடது பக்கத்தில் மடிந்து கிடக்கும், 9ஆம் வகையில் வலது பக்கத்தில். முன்னால் 88 மி.மீ. பீரங்கி, பின்னால் இரட்டைத் தட்டு, பக்கத்தில் ஸ்நார்கெல் என்று மூன்றையும் ஒரே மாடலில் பார்க்கும்போது, கிட் பெட்டியில் இருந்த எந்தப் பாகமும் வீணாகக்கூடாது என்று செய்தவர் நினைத்தது மட்டும் நன்றாகத் தெரிகிறது.

வண்ணத்தில், அடிப்பாகத்தைச் சிவப்பாக்குவது நெடுநாள் பழக்கம். சரக்குக் கப்பல்களைப் பார்த்த கண்ணுக்கு அது இயல்பாகத் தோன்றும். ஆனால் போர்க்கால யு-போட்டுகளில் மேற்பாகம் வெளிர் சாம்பலாகவும் அடிப்பாகம் கருஞ்சாம்பலாகவும் இருப்பதே பொது வழக்கம். மரப்பலகை மேல்தளத்தைத் தேக்கு நிறத்தில் பளபளக்கச் செய்வதும் வேண்டாம். அந்தப் பலகைகள் மரக்காப்புப் பூச்சு ஏறி ஏறக்குறைய கறுப்பாகவே இருந்தன. துருவை எல்லா இடத்திலும் அள்ளித் தெளிப்போரும் உண்டு. வாரக்கணக்கில் உப்புநீரில் அலைந்து திரும்பும் கப்பலில் துளைகளுக்குக் கீழே துருக்கோடு வழிவது சரி. துறைமுகத்தை விட்டுப் புதிதாகப் புறப்படும் கப்பலில் அவ்வளவு இருக்காது. எப்படியானாலும் வெண்கலத்தால் ஆன புரொப்பல்லரில் துரு வராது. இரண்டு புரொப்பல்லர்களும் எதிரெதிர்த் திசையில் சுழல்பவை என்பதால், இடதை வலதில் ஒட்டிவிடாமல் இதழ்களின் சாய்வைப் பார்த்து ஒட்ட வேண்டும்.

புறக்கூட்டின் பக்கவாட்டில் வரிசையாக இருக்கும் நீர்த்துளைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். கப்பல் மூழ்கும்போது மேல்தளத்துக்கும் உட்கூட்டுக்கும் இடையில் உள்ள வெற்றிடத்தில் நீர் புகவும், எழும்போது வடியவும் வைத்த துளைகள் இவை. பல கிட்டுகளில் இவை வெறும் பள்ளங்களாக வார்க்கப்பட்டிருக்கும். பள்ளத்தில் கறுப்பு வண்ணம் விட்டுச் சமாளிப்பது தூரத்திலிருந்து மட்டுமே பலிக்கும். இரண்டு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்பே உட்புறத்திலிருந்து பிளாஸ்டிக்கைச் சீராகத் தேய்த்து மெலிதாக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் துளைகள் தாமாகவே திறந்துகொள்ளும். விளிம்பைக் கத்தி முனையால் சுத்தம் செய்து, உள்ளே கறுப்பு பூசினால் போதும். அதற்கும் முன்னால் படங்களைப் பார்க்க வேண்டும். 560-க்கும் மேற்பட்ட 7சி கப்பல்கள் பத்துக்கும் மேற்பட்ட கட்டும் தளங்களில் உருவானவை. தளத்துக்குத் தளம் துளைகளின் வரிசையும் வடிவமும் மாறும் என்பதால், ஹாம்பர்க்கில் கட்டிய கப்பலின் துளை வரிசையைக் கீலில் கட்டிய கப்பலுக்கு வைக்கக்கூடாது. கோபுரத்திலிருந்து முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாக ஓடும் கம்பிகளுக்குத் தையல் நூலைக் கட்டுவோர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 72-இல் ஒரு பங்கு அளவு மாடலில் அரை மில்லிமீட்டர் நூல், உண்மையில் 36 மி.மீ. வடத்துக்குச் சமம்.

சிதைவுகளைப் பற்றி எழுதும்போது வரும் தவறு வேறு மாதிரியானது. கடலடியில் கிடக்கும் ஒவ்வொரு யு-போட்டும் சண்டையில் மாலுமிகளோடு மூழ்கியது என்று எண்ணுவது இயல்பு. போர் முடிந்து சரணடைந்த 116 நீர்மூழ்கிகளை 1945 நவம்பர் முதல் 1946 பிப்ரவரி வரை அயர்லாந்துக்கு வடமேற்கே ஆளில்லாமல் இழுத்துச் சென்று மூழ்கடித்தது பிரிட்டன். அந்தக் கடற்பகுதியில் கிடைக்கும் சிதைவுகளில் பல இவையே. மறுபக்கம், ஏறத்தாழ 40,000 யு-போட் மாலுமிகளில் 30,000 பேர் வரை திரும்பவில்லை. சண்டையில் மூழ்கியவற்றில் பல அவர்களின் கல்லறைகளும் ஆகும். எது எது என்று பிரித்தறியாமல் பரபரப்பாக எழுதுவதும், மூழ்காளிகள் நினைவுப்பொருள் எடுத்து வருவதைச் சாகசமாகப் புகழ்வதும் வேண்டாம்.

யார் மூழ்கடித்தது என்ற போர்க்காலப் பட்டியலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. மெக்சிகோ வளைகுடாவில் யு-166-ஐ 1942 ஆகஸ்ட் 1 அன்று ஒரு விமானம் அழித்ததாக அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பதிவிருந்தது. 2001-இல் குழாய் பதிக்க நடந்த ஆய்வில், அதற்கு இரண்டு நாள் முன்பு அது மூழ்கடித்த ராபர்ட் இ. லீ என்ற பயணிகள் கப்பலுக்கு அருகிலேயே யு-166 கிடைத்ததும், அந்தக் கப்பலுக்குக் காவலாக வந்த பிசி-566 என்ற சிறு கப்பலே அதை வீழ்த்தியது என்பது உறுதியானது. விமானம் தாக்கியது யு-171-ஐ. ஜிப்ரால்டர் அருகே அழிந்ததாக எழுதப்பட்டிருந்த யு-869, 1991-இல் நியூ ஜெர்சி கடலில் கண்டெடுக்கப்பட்டு, 1997-இல்தான் அடையாளம் காணப்பட்டது. யு-47-ஐ வால்வரின் என்ற பிரிட்டிஷ் டிஸ்ட்ராயர் மூழ்கடித்தது என்ற பழைய கூற்றும் இப்போது ஏற்கப்படுவதில்லை. அன்று அது தாக்கியது யுஏ என்ற வேறொரு நீர்மூழ்கியை. ஆகவே யு-47 மாடலின் அடியில் வைக்கும் பெயர்ப்பலகையில் "1941 மார்ச், வட அட்லாண்டிக்கில் காணாமற்போனது" என்று மட்டும் எழுதுவதே சரி.