இடுப்பு மூட்டுக் குருத்தெலும்பு: பழுதை மட்டும் சரிசெய்வது ஏன் தவறு?

சேலத்தில் ஒருவர் "இடுப்பு வலி" என்று சொல்லும்போது அவர் கை பெரும்பாலும் முதுகின் அடிப்பகுதிக்குத்தான் போகும். தொடை எலும்பின் பந்து கிண்ணத்துக்குள் சுழலும் மூட்டில் பழுது என்றாலோ, வலி முன்பக்கத் தொடையிடுக்கில் தெரியும். சிலருக்கு முழங்காலில்கூடத் தெரியும். கபடி ஆடும் இளைஞரும், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் நாளெல்லாம் சம்மணமிட்டு அமர்பவரும் இதைச் சுளுக்கென்று நினைத்து எண்ணெய் போட்டு நீவிக்கொண்டே மாதங்களைக் கடத்திவிடுகிறார்கள். பந்தையும் கிண்ணத்தையும் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லாததால், அது தானாக ஆறும் என்று காத்திருப்பதில் பயனில்லை. எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு நேரடியாகத் தெரியாது என்பதால், படம் நன்றாக இருக்கிறதென்று நிம்மதி அடைவதும் சரியன்று.

என் பார்வையில் பெரிய தவறு, பழுதை மட்டும் பார்த்து, அதன் காரணத்தை விட்டுவிடுவதே. பந்து, தொடை எலும்பின் கழுத்துப் பகுதியோடு சேரும் இடத்தில் எலும்பு புடைத்திருந்தால், காலை மடக்கும்போதெல்லாம் அந்தப் புடைப்பு கிண்ணத்தின் விளிம்பில் உரசிக் குருத்தெலும்பைப் பெயர்க்கிறது. சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ரைன்ஹோல்ட் கான்ஸ் குழுவினர் 2003-இல் இதை விரிவாக விளக்கினர். குருத்தெலும்பு பெயர்ந்த இடத்தில் அடியெலும்பில் நுண்துளைகள் இட்டால், மஜ்ஜையிலிருந்து வரும் செல்கள் புதுத் திசுவை உருவாக்கும். ஆனால் அது பழைய குருத்தெலும்பின் தரத்தை எட்டாத நார்த்திசு. புடைப்பைச் செதுக்காமல் விட்டால் அதுவும் அதே வழியில் தேயும். கிண்ணமே ஆழமற்றதாக இருப்பவருக்கு சிறு துளை வழியே கருவியைச் செலுத்தி உள்ளே மட்டும் சரிசெய்வது போதாது. கிண்ணத்தை வெட்டித் திருப்பி வைக்கும் அறுவை தேவைப்படலாம். மூட்டு முழுவதும் தேய்ந்துவிட்டவருக்கு, வயது குறைவு என்பதற்காக மட்டும் குருத்தெலும்புச் சீரமைப்பைச் செய்வதும் ஏமாற்றத்தில் முடியும்.

நுண்துளை இட்டபின் பொதுவாக 6 முதல் 8 வாரங்கள் இரண்டு ஊன்றுகோல்களோடு, காலில் முழு எடை வைக்காமல் நடக்கச் சொல்வார்கள். வலி அதற்கு முன்பே குறைந்துவிடும். வலி இல்லையென்று முழு எடை வைத்து நடந்துவிடுகிறார்கள்; வம்பு தொடங்குவது அங்கேதான். பிறகு ஒற்றை ஊன்றுகோலுக்கு மாறும்போது அதை அறுவை செய்த பக்கத்தில் பிடிக்கிறார்கள். பிடிக்க வேண்டியது எதிர்ப்பக்கக் கையில். தரையோடு அமைந்த கழிப்பறை உள்ள வீட்டில், அறுவைக்கு முன்பே நாற்காலி வகைக் கழிப்பறைக்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும். ஏற்காட்டுத் தோட்டங்களில் வசிப்பவர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துப் பிசியோதெரபியைத் தவறவிடாமல், முதல் சில வாரங்கள் சேலத்திலேயே உறவினர் வீட்டில் தங்கிக்கொள்வது நல்லது.