நுனட்டாக்: எழுதும்போது தவறுகிற இடங்கள்

நுனட்டாக் என்ற சொல்லைத் தமிழில் சொல்ல நேரும்போது கை முதலில் ‘பனிப்பாறை’ என்ற பக்கம்தான் போகும். போகவிடக் கூடாது. அந்த ஒரே சொல்லைக் கடலில் மிதக்கும் பனிக்கட்டிக்கும் மலையிலிருந்து ஊர்ந்து இறங்கும் பனியாற்றுக்கும் மாற்றி மாற்றிப் போட்டு ஏற்கெனவே போதுமான குழப்பம் செய்தாகிவிட்டது. அவை இரண்டுமாவது பனி. நுனட்டாக் பனியே அல்ல, கல். ‘பனித்தீவு’ என்பதும் உதவாது, படிப்பவர் மனத்தில் மிதக்கும் பனிக்கட்டிதான் மறுபடி எழும். தமிழில்தான் சொல்ல வேண்டுமென்றால் ‘பனி சூழ்ந்த பாறைமுகடு’ என்று விளக்கமாக ஒருமுறை எழுதிவிட்டு, பிறகு நுனட்டாக் என்றே தொடர்வது நல்லது.

கிரீன்லாந்து மக்களின் மொழியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலவியலுக்குள் வந்த சொல் இது. பெருநிலப்பரப்பையே மூடிக் கிடக்கும் பனிவிரிப்பையோ பனியாற்றையோ மீறி மேலே தலைநீட்டும் பாறை முகட்டை, மேட்டைக் குறிக்கும். இதில் பாறையின் வகை, வடிவம், உயரம் எதற்கும் இடமில்லை. கிரானைட்டாக இருக்கலாம், பசால்ட்டாக இருக்கலாம். கூர்முனையாக நிற்கலாம், மொட்டையாகக் கிடக்கலாம். சுற்றிலும் பனி, நடுவில் கல் என்ற அந்த நிலைமைக்குத்தான் பெயர். கீழே வரும் தவறுகளில் முக்கால்வாசி, இதை மறப்பதால் வருபவை.

பனி படிந்த சிகரங்களையெல்லாம் நுனட்டாக் என்று அழைப்பது முதல் தவறு. 7,816 மீட்டர் உயர நந்தாதேவி நுனட்டாக் அல்ல. அங்கே மலைமேல் பனி இருக்கிறது. பனியாறுகள் அதன் சரிவுகளிலிருந்து பிறந்து பள்ளத்தாக்குகளில் இறங்குகின்றன. நுனட்டாக்கில் கதை தலைகீழ். பனி மலையைச் சுற்றி வளைத்து, முக்கால் உடம்பை மூழ்கடித்துவிட்டு, உச்சியை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. பல சமயம் அந்த உச்சியில் பனியே இராது; செங்குத்தான பாறையில் பனி தங்குவதில்லை, தங்குவதையும் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும்.

ஆல்ப்ஸ் மலையின் மாட்டர்ஹார்ன் போன்ற கூர்ங்கொம்புச் சிகரங்களோடு குழப்புவது அடுத்தது. பல பக்கங்களிலிருந்தும் பனியாறுகள் குடைந்து குடைந்து கூராக்கிய முகட்டுக்கு ‘ஹார்ன்’ என்று பெயர். அது வடிவத்தைச் சொல்லும் சொல். ஒரே மலை ஹார்னாகவும் நுனட்டாக்காகவும் இருக்க முடியும், ஒன்றாக இருந்து மற்றொன்றாக இல்லாமலும் போக முடியும். அதேபோல், சமவெளியில் தனித்து எழும் பாறைக்குன்றுக்கு நிலவியலில் ‘இன்செல்பெர்க்’ என்ற வேறு சொல் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சமவெளிகளில் தனியாக நிற்கும் மொட்டைப் பாறைக்குன்றுகளுக்கு நுனட்டாக் என்று பெயர் சூட்ட ஆசைப்பட வேண்டாம்.

உயரத்தைச் சொல்லும்போதும் வழுக்கிவிடும். கிழக்குக் கிரீன்லாந்தின் கன்பியோர்ன் மலை அந்தத் தீவிலேயே உயரமானது, 3,694 மீட்டர். அதுவும் ஒரு நுனட்டாக்தான். இந்த எண் கடல் மட்டத்திலிருந்து எடுத்தது. ‘பனிக்கு மேலே 3,694 மீட்டர் எழுந்து நிற்கிறது’ என்று எழுதினால் மலையை நாமாக வளர்த்துவிடுகிறோம். மறுபுறம், பனிக்கு மேலே நூறு மீட்டர்தான் தெரிகிறது என்பதற்காகச் சின்னப் பாறை என்று தள்ளிவிடவும் முடியாது. அண்டார்க்டிகப் பனிவிரிப்பின் சராசரித் தடிமன் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். கண்ணுக்குத் தெரிவது ஒரு முழு மலைத்தொடரின் உச்சி நுனியாகவும் இருக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான தவறு வேறொன்று. அதில் ஆய்வாளர்களே நெடுநாள் சிக்கியிருந்தார்கள். இன்று வெளியே தெரியும் முகடு என்றைக்கும் வெளியேதான் இருந்தது என்று நினைப்பது. அண்டார்க்டிக நுனட்டாக்குகள் பலவற்றின் மேற்சரிவுகளில், அந்த மலைக்குச் சொந்தமில்லாத அயல்கற்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒருகாலத்தில் தடித்திருந்த பனி அவற்றைச் சுமந்துவந்து, மெலிந்தபோது வைத்துவிட்டுப் போனது. பனி விலகிய நாள்முதல் விண்வெளிக் கதிர்கள் அந்தக் கற்களைத் தாக்குகின்றன. கற்களில் உள்ள குவார்ட்ஸில் பெரிலியம்-10 என்ற அணு சிறுகச் சிறுகச் சேர்கிறது. அதை அளந்தால் அந்தக் கல் எத்தனை ஆயிரம் ஆண்டுகளாக வெட்டவெளியில் கிடக்கிறது என்று கணக்கிடலாம். பனிவிரிப்பு எப்போது, எவ்வளவு வேகமாக மெலிந்தது என்பதற்கு நேரடிச் சான்று இந்தக் கற்கள்தான். மேலிருந்து கீழாக ஒவ்வொரு உயரத்திலும் கல் பொறுக்குவது அதற்காகத்தான்.

வடமேற்கு ஸ்காட்லாந்தில் இதே முறை ஒரு பழைய முடிவையே புரட்டிப் போட்டது. அங்குள்ள மலைகளின் கீழ்ப்பகுதி பனி உரசி வழவழப்பாக இருக்கும். மேற்பகுதி உறைபனியால் பிளந்து நொறுங்கிக் கிடக்கும். இரண்டும் சந்திக்கும் கோடுதான் பனியுகப் பனிவிரிப்பின் மேல்மட்டம், அதற்கு மேலிருந்தவை நுனட்டாக்குகள் என்று நம்பினார்கள். பிறகு கோட்டுக்கு மேலே கிடந்த அயல்கற்களை அளந்தபோது, உச்சிகளையும் பனி மூடியிருந்தது தெரிந்தது. மேலே இருந்த பனி பாறையோடு உறைந்து ஒட்டிக்கொண்டு, நகராமல், ஒன்றையும் உரசாமல் இருந்திருக்கிறது. ஆகவே நொறுங்கிய பாறையைப் பார்த்த மாத்திரத்தில் ‘பனியுக நுனட்டாக்’ என்று எழுதுவதற்கு முன் யோசிக்க வேண்டும். உண்மையிலேயே அப்படி இருந்தவற்றையும் ‘நுனட்டாக்காக இருந்தது’ என்று இறந்தகாலத்தில்தான் சொல்ல வேண்டும். பனி போனபின் அது வெறும் மலை.

‘உயிரற்ற பாறை’ என்ற அடைமொழி பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்தமானது. உண்மை அதற்கு நேரெதிர். அண்டார்க்டிகாவின் குயின் மாட் லேண்டில், கடலிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உள்ளே ஸ்வார்ட்ஹாமரன் என்ற நுனட்டாக் இருக்கிறது. அண்டார்க்டிகப் பெட்ரல் பறவைகளின் மிகப் பெரிய குடியிருப்புகளில் அது ஒன்று. முட்டையிடப் பனியற்ற கல்தரை வேண்டும். அதற்காக அத்தனை தூரம் வந்து கூடு வைத்து, இரை தேடக் கடலுக்கும் கூட்டுக்குமாகப் பறக்கின்றன. அவற்றின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று வாழ ஸ்குவா பறவைகளும் அங்கேயே தங்கியிருக்கின்றன. பல நுனட்டாக்குகளில் பாறைப்பாசிகளும், அவற்றுக்கிடையே கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணிகளும் வாழ்கின்றன.

இந்திய வாசகர்களுக்காக எழுதுபவர்கள் அண்டார்க்டிகாவில் இந்தியா அமைத்த மைத்ரி ஆய்வு நிலையத்தை விட முடியாது. தவறும் அங்கே காத்திருக்கிறது. இந்தியாவின் 1983-84 அண்டார்க்டிகப் பயணத்தின்போது அமைத்த தட்சிண் கங்கோத்ரி நிலையம், கரையை ஒட்டிக் கடலில் மிதக்கும் பனித்தட்டின் மேல் நின்று, நாளடைவில் பனிக்குள் புதைந்தது. அடுத்ததாக வந்த மைத்ரியைக் கல்தரையில் கட்டினார்கள். பனிக்கண்டத்தில் கல்தரை என்றால் நுனட்டாக் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் மைத்ரி நிற்கும் ஷிர்மாக்கர் பகுதி ஏறத்தாழ 35 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தாழ்ந்த குன்றுகளும் நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகளும் கொண்ட பனியற்ற நிலம். பனிவிரிப்புக்கும் பனித்தட்டுக்கும் இடைப்பட்ட ஓரத்தில் இருக்கிறது. அதற்குச் ‘சோலை’ என்ற பொருள்தரும் ‘ஒயாசிஸ்’ என்பதே வழக்கு. நுனட்டாக்குகளைப் பார்க்க வேண்டுமானால் அங்கிருந்து தெற்கே, வோல்டாட் மலைத்தொடரின் பக்கம் பனிவிரிப்பின் மேல் ஏறிப் போக வேண்டும்.